பேலட் சோபாவும் ஒரு பேங்க்காரனின் புலம்பலும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டு முடித்துக் கண் சொருகும் நேரத்தில் தங்கமணி செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். யாரோ ஒரு வெளிநாட்டு அம்மணி நாலு பழைய பேலட்டை அடுக்கி, வெள்ளைப் பெயின்ட் அடித்து, மேலே மெத்தையைப் போட்டு, சோபா என்று சொல்லி உட்கார்ந்திருந்தார்.

"காந்திதாம்ல இல்லாத மரமா? உங்க கஸ்டமர் யார்கிட்டயாவது கேட்டா நாலு பேலட் சும்மாவே குடுப்பாங்க. பால்கனில சோபா போட்டுக்கலாம். மிச்சம் இருந்தா பாப்பாவுக்கு ஒரு கட்டில்."

"வரட்டும். ஆனா அடியில என்ன முத்திரை இருக்குன்னு பார்த்துட்டுத்தான் வீட்டுக்குள்ள விடுவேன்."

"பலகைக்கும் கே.ஒய்.சி.யா?" என்று சிரித்தாள் :-)

ஆமாம், கே.ஒய்.சி.தான். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. 2019-ல் நடந்த ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. அதை எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். அதற்கு முன்னால் பேலட்டைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். பி.காம். படித்த பேங்க்காரனுக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். செங்கோட்டைப் பக்கம் பிறந்தவன், மர அறுவை மில் சத்தத்தில் வளர்ந்தவன். மாற்றல் உத்தரவு கொண்டுவந்து இறக்கிய இடமும் மரக்கடை ஊராகவே அமைந்துவிட்டது.

பிரிவினையின்போது கராச்சித் துறைமுகம் பாகிஸ்தானுக்குப் போனது. அதற்கு ஈடாகக் கட்டியது கண்ட்லா. 2017-லிருந்து அதற்கு தீன்தயாள் துறைமுகம் என்று பெயர். சிந்துவிலிருந்து வந்த அகதிகளுக்காக அதன் பக்கத்தில் எழுந்த ஊர் காந்திதாம். வெளிநாட்டு மரம் இந்தியாவுக்குள் வரும் பெரிய வாசல் இது. ரோட்டின் இரண்டு பக்கமும் மர மில்கள். மர டிப்போவை இங்கே லாட்டி என்பார்கள். மொத்த மொத்தமாகப் பைன் மரம் வந்து இறங்கும். நல்ல பலகை கதவுக்கும் ஜன்னலுக்கும் போகும், தரம் குறைந்தது பேலட்டுக்குப் போகும். அந்தப் பேலட்டில் ஏறி மோர்பி டைல்ஸ் உலகமெங்கும் போகும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியைத் தொட்டாலும் அங்கே ஒரு பேங்க் கடன் இருக்கும். அதனால்தான் எனக்கும் இதில் அக்கறை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பேலட் என்ன செய்கிறது? சரக்கைத் தரையிலிருந்து நாலைந்து அங்குலம் தூக்கி வைக்கிறது. அவ்வளவுதான். அந்த இடைவெளியில் ஃபோர்க்லிஃப்ட்டின் இரண்டு முட்களும் நுழையும். 1931-ல் ஓர் அமெரிக்க ரயில்வே இதழ் ஒரு கணக்கு கொடுத்திருந்தது. 13,000 பெட்டி டின் உணவைச் சில்லறையாக ஒரு ரயில் பெட்டியிலிருந்து இறக்க மூன்று நாள் ஆயிற்று. அதே சரக்கைப் பலகைத் தட்டில் அடுக்கி வைத்திருந்தபோது நாலு மணி நேரம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் இந்த முறையை உலகம் பூராவும் கொண்டுபோயிற்று. போர் முடிந்து ஆஸ்திரேலியாவில் அவர்கள் விட்டுப்போன பேலட்டும் வண்டியும்தான், இன்று நீலப் பெயின்ட் அடித்து வாடகைக்கு விடும் 'செப்' என்ற பெரிய கம்பெனிக்கு விதை.

நம் ஊர் நெல், அரிசிக் குடோனில் மூட்டைக்கு அடியில் மரச்சட்டம் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஃபோர்க்லிஃப்ட் கிடையாது. தரை ஈரம் மூட்டையில் ஏறக் கூடாது, அடியில் காற்று போக வேண்டும் என்பதற்காக அது. 50 கிலோ மூட்டையை முதுகில் சுமந்துபோய் அதன்மேல் போடுகிற ஆளை யாரும் இறக்கிவிடவில்லை. மூட்டை ஈரத்திலிருந்து தப்பித்தது, முதுகு தப்பிக்கவில்லை. பேலட்டையும் கை வண்டியையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் இரண்டும் தப்பித்திருக்கும். இது தனிப் பதிவுக்கான சமாச்சாரம்.

பேலட்டில் வகை உண்டு என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. கொட்டேஷனில் "மர பேலட், ஒன்றுக்கு இவ்வளவு" என்று ஒரே வரி இருக்கும். கடன் வேண்டும் என்று ஒருவர் வந்தால், வீட்டுக் கடனா, பயிர்க் கடனா, நகைக் கடனா என்று கேட்காமல் கொடுப்போமா? அதே மாதிரிதான் இதுவும்.

1. ஸ்கிட். ரன்னர் என்கிற நீளக் கட்டை இரண்டோ மூன்றோ, அதன்மேல் பலகை. கீழே ஒன்றும் கிடையாது. கனமான ஒற்றை மெஷினுக்குச் சரி. இழுக்கலாம், கை வண்டி சுலபமாக நுழையும், விலையும் குறைவு. ஆனால் ஒரு லோடின்மேல் இன்னொரு லோடை வைத்தால், மேல் லோடின் மொத்த பாரமும் அந்த இரண்டு மூன்று கோட்டில் மட்டும் இறங்கும். கீழே இருக்கும் அட்டைப்பெட்டி நசுங்கும்.

2. ரன்னர் பேலட். மூன்று நீளக் கட்டைக்கு மேலேயும் கீழேயும் பலகை அடித்தது. முள் இரண்டு பக்கத்திலிருந்துதான் நுழையும். சில பேர் ரன்னரில் பள்ளம் வெட்டி நாலு பக்கமும் நுழையும்படி செய்வார்கள். ஆனால் அந்தப் பள்ளத்தில் ஃபோர்க்லிஃப்ட் முள்தான் போகும், கையால் இழுக்கும் வண்டி போகாது. வாங்குகிறவரின் குடோனில் எந்த வண்டி இருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

3. கட்டை பேலட். ரன்னருக்குப் பதில் ஒன்பது சிறு கட்டைகள். நாலு பக்கமும் எந்த வண்டியும் நுழையும். ஐரோப்பிய ரயில்வேக்கள் 1961-ல் சேர்ந்து ஏற்ற பேலட் இந்த வகைதான். 1200-க்கு 800 மில்லிமீட்டர், உயரம் 144. பதினோரு பலகை, ஒன்பது கட்டை, 78 ஆணி. சீராகப் பரப்பி வைத்தால் 1,500 கிலோ தாங்கும். ஆணியைக்கூட எண்ணி வைத்திருக்கிறார்கள் பாருங்கள். அதனால்தான் ஒரு நாட்டில் கொடுத்துவிட்டு இன்னொரு நாட்டில் அதே மாதிரி ஒன்றைத் திருப்பி வாங்கிக்கொள்ள முடிகிறது. நோட்டு செல்லுபடியாவது போலத்தான் இது.

4. இரட்டை முகம். மேலும் கீழும் ஒரே மாதிரி பலகை, திருப்பியும் போடலாம். மூட்டைமேல் மூட்டை அடுக்கினால் பாரம் பரவும், கீழ் மூட்டை கிழியாது. ஆனால் கை வண்டியின் சக்கரம் தரையைத் தொட இடம் இருக்காது. வண்டி உள்ளே போய் மாட்டிக்கொண்டு நிற்கும்.

5. இறக்கை வைத்தது. பலகை ரன்னரைத் தாண்டி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். கிரேன் கயிறு அதன் அடியில் பிடிக்கும். துறைமுக வேலைக்கு.

அளவும் ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்காவில் 48-க்கு 40 அங்குலம். ஆஸ்திரேலியாவில் 1165 மில்லிமீட்டர் சதுரம். ஜப்பான் பக்கம் 1100 சதுரம். ஐரோப்பாவில் 1200-க்கு 800, 1200-க்கு 1000. 20 அடி கன்டெய்னரின் தரையில் 1200-க்கு 1000 பத்து வைக்கலாம், 1200-க்கு 800 பதினொன்று வைக்கலாம். ஐரோப்பாக்காரருக்கு அமெரிக்க அளவில் அனுப்பினால் அவருடைய ரேக்கில் அது உட்காராது. அவர் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி அடுக்க வேண்டும். அந்தக் கூலி யார் கணக்கில் ஏறும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தரையில் வைத்தால் தாங்கும் பாரம் வேறு, தூக்கும்போது தாங்கும் பாரம் வேறு, ரேக்கில் இரண்டு ஓரத்தை மட்டும் பிடித்து வைத்தால் தாங்கும் பாரம் வேறு. கடைசி வகையில்தான் தாங்கும் சக்தி மிகவும் குறைவு. குடோனில் இரண்டு டன்னைச் சுமந்து நின்றதே என்று அதையே ரேக்கில் ஏற்றினால், உடைந்து கீழே நிற்கிறவன் தலையில்தான் விழும்.

மரமும் அப்படித்தான். பைன் லேசு, ஆணி சுலபமாக இறங்கும். கருவேலமும் யூகலிப்டஸும் கனம், உறுதி, ஆனால் பச்சையாக அறுத்துப் போட்டால் காயும்போது முறுக்கிக்கொள்ளும். கேரளத்தில் ரப்பர் மரம் பெட்டிக்கும் பேலட்டுக்கும் ஆகிறது. வழவழப்பான சாதா ஆணியைவிட முறுக்கு ஆணிதான் பலகையை விடாமல் பிடிக்கும். விலையைக் குறைக்கிறவன் முதலில் கை வைக்கிற இடம் ஆணி. இரண்டாவது, பலகையின் கனம். மூன்றாவதாகக் கை வைக்கிற இடம்தான் என் கதை.

அந்த மூன்றாவது இடம் முத்திரை.

1996-ல் நியூயார்க் புரூக்ளினில் மரங்கள் பட்டுப்போயின. அறுத்துப் பார்த்தால் உள்ளே ஆசிய நீள்கொம்பு வண்டு. சீனாவிலிருந்து வந்த சரக்கின் பேக்கிங் மரத்தில் ஒளிந்து வந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 2002-ல் மிச்சிகனில் பச்சை நிற வண்டு ஒன்றைக் கண்டார்கள். அதுவும் பேக்கிங் மரத்தில் வந்ததாகத்தான் கருதுகிறார்கள். அதற்குப் பிறகு அமெரிக்காவில் கோடிக்கணக்கில் ஆஷ் மரங்கள் செத்தன. சரக்குக்கு பாஸ்போர்ட் எல்லாம் பார்த்தார்கள், சரக்கைச் சுமந்த பலகையைப் பார்க்கவில்லை.

அதனால் 2002-ல் உலக அளவில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். ஐ.எஸ்.பி.எம். 15 என்று பெயர். ரோமில் இருக்கும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கீழ் வருவது. விதி சிக்கலானது இல்லை. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் தொடர்ந்து 30 நிமிஷம் இருக்க வேண்டும். அல்லது மெத்தில் புரோமைடு வாயு அடிக்க வேண்டும். பிற்பாடு வேறு சில முறைகளையும் சேர்த்தார்கள். பட்டை உரித்திருக்க வேண்டும். செய்து முடித்ததும், அனுமதி பெற்ற நிறுவனம் மட்டும் அதில் முத்திரை குத்தலாம். முத்திரையில் ஒரு கதிர்ப் படம், நாட்டின் குறி, செய்தவரின் எண், செய்த முறை. சூடு என்றால் ஹெச்.டி., வாயு என்றால் எம்.பி. இந்தியாவில் அனுமதி கொடுப்பது ஃபரீதாபாத்தில் இருக்கும் மத்திய பயிர்ப் பாதுகாப்பு இயக்குநரகம். பிளைவுட்டுக்கும் 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத மெல்லிய மரத்துக்கும் இந்த விதி கிடையாது.

ரிப்பேர் செய்த பேலட்டுக்கும் விதி இருக்கிறது. மாற்றிப் போடும் ஒவ்வொரு பலகையும் சூடு காட்டியதாக இருக்க வேண்டும், அதில் தனியாக முத்திரை வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்றினால் பழைய முத்திரையை அழித்துவிட்டு முதலிலிருந்து செய்ய வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிற்க.

2019-ல் எங்கள் கிளையில் ஒரு சின்ன டைல்ஸ் ஏற்றுமதியாளர் கஸ்டமர். இங்கே எல்லோருமே பாய்தான், அண்ணன் என்று அர்த்தம். அந்த பாய்க்கு என் வயதுதான் இருக்கும். மோர்பியில் வாங்கி, இங்கே பேக் செய்து அனுப்புவார். பேக்கிங் ஷெட்டில் பதினோரு பேர் வேலை பார்த்தார்கள். ஏற்றுமதிக்கு முன்பணமாகப் பேக்கிங் கிரெடிட், அனுப்பிய பிறகு பில் டிஸ்கவுன்ட். செக்யூரிட்டிக்கு அவருடைய அம்மா இருக்கும் வீடு. கணக்கு அதுவரை ஒருநாள்கூடத் தவணை தவறியதில்லை.

புது நாட்டுக்கு முதல் கன்டெய்னர். ஸ்டாக் இன்ஸ்பெக்ஷனுக்கு நான்தான் போனேன். 24 பேலட், ஒவ்வொன்றிலும் ஒரு டன்னுக்கு மேல், மொத்தம் 26 டன் சொச்சம். பெட்டிகளை எண்ணினேன். போட்டோ எடுத்தேன். இஞ்சி போட்ட டீ கொடுத்தார்கள், குடித்தேன். "பேலட் சப்ளையரை மாத்திட்டேன் சாஹேப், ஒண்ணுக்கு நாப்பது ரூபாய் மிச்சம்" என்று பெருமையாகச் சொன்னார். நானும் "நல்லது, மார்ஜின் ஏறும்" என்றேன். 24 பேலட்டுக்கு 960 ரூபாய்.

டாக்குமென்ட் வந்தது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், ஹீட் ட்ரீட்மென்ட் சர்டிஃபிகேட். விதிப்படி மரத்தில் இருக்கும் முத்திரையே போதும். ஆனாலும் வாங்குகிறவர்கள் சர்டிஃபிகேட்டும் கேட்பார்கள். எல்லாம் சரியாக இருந்தது. டிக் அடித்து அனுப்பினேன்.

கன்டெய்னர் போய்ச் சேர்ந்த இடத்தில் திறந்து பார்த்திருக்கிறார்கள். பழைய ரன்னரில் பழைய முத்திரை இருந்தது. அதன்மேல் அடித்திருந்த பலகையில் பாதி புதுசு. பச்சை மரம், ஓரத்தில் கை அகலத்துக்குப் பட்டை, பட்டைக்கு அடியில் துளை, துளைக்குப் பக்கத்தில் புது மாவு. வண்டு உயிரோடு இருந்தது என்று அறிக்கை வந்தது. சப்ளையர் பழைய முத்திரை இருக்கும் கட்டையை வாங்கி, கிடைத்த மரத்தை மேலே அடித்து, எங்கேயோ ஒரு சர்டிஃபிகேட்டையும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் பேங்க்காரர்களுக்குத் தெரிந்த பாட்டுதான். கன்டெய்னர் தேங்கியது, துறைமுக வாடகை நாளுக்கு நாள் ஏறியது. பேலட்டை எரித்து, டைல்ஸை வேறு பேலட்டுக்கு மாற்றிய செலவு மொத்தமும் இவர் தலையில். வாங்குகிறவர் பணம் தர மாட்டேன் என்றார். இ.சி.ஜி.சி. காப்பீடு வாங்குகிறவர் ஏமாற்றினாலோ நொடித்துப்போனாலோதான் உதவும், நம் சரக்கில் குறை என்று தகராறு வந்தால் லேசில் கிடைக்காது. பில் திரும்பியது. 90 நாள் தாண்டியது. கணக்கு வாராக்கடன் ஆயிற்று. அம்மா இருக்கும் வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பும் ஃபைல் என் மேஜைக்கு வந்தது.

ஒருநாள் அவர் எதிரே உட்கார்ந்து கேட்டார். "சாஹேப், பேப்பர் எல்லாம் சரியா இருந்துச்சே? நீங்களும் பார்த்தீங்களே?"

என்ன பதில் சொல்ல? டாக்குமென்ட் வியாபாரத்தில் எங்களுக்கு ஒரு வேதம் உண்டு, யு.சி.பி. 600 என்று. அதன் ஐந்தாவது விதி, வங்கிகள் கையாள்வது ஆவணங்களைத்தான், சரக்கை அல்ல என்கிறது. லெட்டர் ஆஃப் கிரெடிட்டுக்கு அது சரி. ஆனால் நான் அன்றைக்கு ஷெட்டுக்குப் போனது டாக்குமென்ட் பார்க்கவா? சரக்கைப் பார்க்கத்தானே பயணப்படி வாங்கிக்கொண்டு போனேன்? பெட்டியை எண்ணிய நான் முட்டி போட்டு ஒரு தடவை அடியில் பார்த்திருந்தால் அந்தப் பட்டை என் கண்ணிலேயே பட்டிருக்கும். முத்திரை ரன்னரில் மட்டும் இருக்கிறது, பாதிப் பலகை வேறு நிறம் என்பதைப் பார்க்க மரத்தில் டிகிரி வேண்டாம்.

அவர் மனைவியின் நகையையும் ஒரு பிளாட்டையும் விற்று, ஏலத்துக்கு முன்னால் கணக்கைத் தீர்த்தார். வீடு தப்பித்தது. ஷெட் மூடிவிட்டது. பதினோரு பேரில் சிலரை இப்போதும் லாட்டி வாசலில் கூலிக்கு நிற்பதைப் பார்க்கிறேன். என் பைலில் எந்தக் குறையும் இல்லை. ஆடிட்டில் ஒரு கேள்விகூட வரவில்லை. அதுதான் உறுத்துகிறது.

அதனால் என் கருத்து இதுதான். பேலட்டைப் பேக்கிங் செலவு என்ற கணக்கில் வைத்திருப்பதே தப்பு. அது சரக்கின் ஒரு பாகம். டைல்ஸின் தரத்தைப் பார்க்கிற மாதிரி அதன் தரத்தையும் பார்க்க வேண்டும். ஆர்டரில் "மர பேலட்" என்று எழுதாமல் எந்த வகை, எந்த அளவு, எந்த மரம், என்ன கனம், எந்த ஆணி, எந்த முத்திரை என்று ஆறு வரி எழுத வேண்டும். ஏற்றுமதிக்குக் கடன் கொடுக்கும் பேங்க், இன்ஸ்பெக்ஷன் படிவத்தில் பேலட்டுக்கு ஒரு வரி சேர்க்க வேண்டும். முத்திரை தெரியும்படி ஒரு போட்டோ, முத்திரை எண்ணும் சர்டிஃபிகேட் எண்ணும் ஒன்றா என்று ஒரு பார்வை. இரண்டு நிமிஷ வேலை. நான் என் கிளையில் அன்றிலிருந்து செய்கிறேன். யாரும் உத்தரவு போடவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சின்ன ஏற்றுமதியாளருக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுடைய கஷ்டம் எனக்குத் தெரியும், அவர்களுடைய பேலன்ஸ் ஷீட்டைப் பார்க்கிறவனே நான்தான். ஆனால் பெரிய கம்பெனி ஒரு கன்டெய்னர் திரும்பினால் தாங்கும். சின்னவர் தாங்க மாட்டார். நாற்பது ரூபாயை மிச்சம் பிடிக்கக் கூடாத ஆள் அவர்தான்.

இன்னும் சிலர், மரமே வேண்டாம், பிளாஸ்டிக்குக்கு மாறிவிடலாம், முத்திரைத் தொல்லை இல்லை என்பார்கள். மருந்து, உணவுத் தொழிற்சாலைக்குள்ளே அது சரிதான், கழுவலாம், சிராய் கிடையாது. 2009, 2010-ல் அமெரிக்காவில் டைலனால் மாத்திரையில் பூஞ்சை வாடை அடிக்கிறது என்று புகார் வந்து, சரக்கைத் திரும்பப் பெற்றார்கள். மர பேலட்டில் அடித்த ஒரு ரசாயனம் சிதைந்து வந்த வாடை என்று கண்டுபிடித்தார்கள். ஆனால் ஒரு வழியாகப் போய்த் திரும்பி வராத டைல்ஸ் கன்டெய்னருக்கு விலை அதிகமான பிளாஸ்டிக் எதற்கு? மர பேலட்டில் ஒரு பலகை உடைந்தால் தச்சர் பத்து நிமிஷத்தில் மாற்றிவிடுவார். பிளாஸ்டிக் உடைந்தால் அந்த மாதிரி ஒட்டுப்போட முடியாது. மரத்தை ஒழுங்காகச் செய்தால் போதும்.

நம் வீடுகளுக்கு வருவோம். துறைமுகம், தொழிற்பேட்டை பக்கம் குடியிருக்கிற நம்மவர்கள் நிறையப் பேர் பழைய பேலட்டை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். வாஷிங் மெஷினுக்கு அடியில், மழைக்காலத்தில் அரிசி மூட்டைக்கு அடியில், மாற்றல் வரும்போது பீரோவுக்கு அடியில். நல்ல பழக்கம். ஆனால் சிலதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெச்.டி. முத்திரை இருப்பதை எடுங்கள். எம்.பி. என்றால் குழந்தை படுக்கும் கட்டிலுக்கு நான் எடுக்க மாட்டேன். வாயு காலாகாலத்துக்கும் மரத்தில் தங்காது என்பது உண்மைதான். ஆனாலும் வேறு மரம் கிடைக்கும்போது எதற்கு? அந்த வாயு ஓசோன் படலத்துக்குக் கெடுதல் என்று மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் மற்ற உபயோகங்களை நிறுத்திவிட்டார்கள், தொற்றுத் தடுப்புக்கு மட்டும் விலக்கு.

முத்திரையைவிட முக்கியம், அதன்மேல் என்ன வைத்திருந்தார்கள் என்பது. எண்ணெய்க் கறை, வெள்ளைப் பூச்சு, மருந்து வாடை எது இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள். பூச்சி மருந்து டின் அதில் கசிந்திருக்கலாம். எங்கிருந்து வந்தது என்று தெரியாத பேலட்டை அடுப்பில் போடாதீர்கள், வெந்நீர் போடக்கூட. நீலப் பெயின்ட் அடித்ததை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அது வாடகைக் கம்பெனியின் சொத்து. முறுக்கு ஆணியைப் பிடுங்கினால் பலகை பிளக்கும், ஹாக்ஸா பிளேடால் அறுப்பது சுலபம். சூடு காட்டிய மரத்தைக் கரையான் தொடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே இருந்த பூச்சி செத்திருக்கும், அவ்வளவுதான். புதுசாக வருகிறதுக்குத் தடை கிடையாது. சூடு காட்டியதும் உலர்த்தியதும் ஒன்றல்ல. ஈரமாக இருந்தால் பூஞ்சை பிடிக்கும், நாலு நாள் வெயிலில் போடுங்கள்.

போன ஞாயிறு ஒரு லாட்டிக்குத் தங்கமணியையும் கூட்டிக்கொண்டு போனேன். மேஸ்திரி அடுக்கிலிருந்து வரிசையாகக் காட்டினார். நான் முட்டி போட்டு அடியில் டார்ச் அடித்துப் பார்த்ததில் அவருக்குச் சிரிப்பு. ஏழாவதில்தான் சுத்தமான ஹெச்.டி. கிடைத்தது. எல்லாப் பலகையும் ஒரே நிறம், பட்டை இல்லை, எதிரெதிர் இரண்டு பக்கமும் முத்திரை. அந்த அடுக்கிலிருந்து நாலு எடுத்துக்கொண்டோம். காசு வேண்டாம் என்றார். கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

வண்டியில் ஏற்றும்போது பின்னால் தங்கமணி நிற்பதைக் காணோம். திரும்பிப் பார்த்தால், அவள் குனிந்து நாலாவது பேலட்டின் அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல ஒரு பலகை வேற மாதிரி இருக்கே?" என்றாள்.

சரியாகத்தான் சொன்னாள். மாற்றி எடுத்து வந்தோம்.